கட்டுத்துணி அண்ணாச்சிக்குப் பிடிபடாத சத்தம்

ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் ஓடிய கார்கள் எல்லாமே கட்டுத்துணி அண்ணாச்சிக்குப் பயந்துதான் ஓடின. போலீசுக்கு அவை பயப்படவில்லை, மாட்டு வண்டிக்கும் பயப்படவில்லை. அண்ணாச்சி தெருமுனையில் தலைகாட்டினால் போதும். கதவுகள் தாமாக இறுகிக்கொள்ளும், தகரங்கள் மூச்சை அடக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டிய கட்டாயமில்லை. பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் சொல்வதை என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

அண்ணாச்சி மெக்கானிக் அல்ல. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சொந்தமாக ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த பேண்டேஜ் துணியை வாங்கி ஆஸ்பத்திரிகளுக்கு விற்பது அவர் தொழில். கக்கத்தில் எப்போதும் ஒரு வெள்ளைச் சுருள் இருக்கும். பெயர் அதனால் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் கண்டிப்பாக இருந்திருக்கும்.

நல்ல ஆகிருதி. ஓடும் காரில் எங்காவது கிரீச் என்று ஒன்று கேட்டுவிட்டால் அவருக்குப் பல் கூசும். அடுத்த வீட்டுக் கார், யாரென்றே தெரியாதவர் கார் என்ற வித்தியாசம் அவருக்கு இல்லை. கை காட்டி நிறுத்துவார். முன் சீட்டில் ஏறி உட்காருவார். "போங்க, என்னன்னு பாத்துருவோம்" என்பார். சத்தத்தை நின்ற இடத்தில் பிடிக்க முடியாது, ஓடும்போதுதான் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையால் சிவகாசிக்குக் கிளம்பிய பலர் தென்காசியில் போய் நின்றிருக்கிறார்கள்.

அவருடைய வைத்தியம் இப்படி ஆரம்பிக்கும்.

"எல்லாக் கண்ணாடியையும் ஏத்துங்க. யாரும் பேசப்படாது. மூச்சு விடுறதா இருந்தா மூக்கு வழியா விடுங்க. வாய் வழியா விட்டா எனக்குக் குழம்பும்."

பிறகு கண்ணை மூடிக்கொள்வார். வெளியே மேற்கு மலை நீலமாகக் கூடவே வந்துகொண்டிருக்கும். மில்லிலிருந்து தப்பித்த பஞ்சு இழை ஒன்று காருக்குள் இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடி மிதக்கும். புளிய மர நிழல்கள் முகத்தின் மீது ஒவ்வொன்றாகத் தடவிப் போகும். சத்தமில்லாத அந்த மத்தியான ஓட்டத்தில் உள்ளே இருக்கிறவர்களுக்கெல்லாம் கண் செருகும். ஓட்டுகிறவனுக்கும் செருகும் என்பதுதான் அதில் சிறு ஆபத்து.

திடீரென்று அண்ணாச்சி கண்ணைத் திறப்பார். கட்டளைகள் வரும்.

"ஏலே, நீ அந்தக் கதவை ரெண்டு கையாலயும் பிடி. மதினி, கால்கிட்ட இருக்கிற தகரத்தை அமுக்கி மிதிச்சுக்கிடுங்க. அண்ணே, நீங்க மேல விளக்கைப் பிடிங்க. அசையப்படாது. ஒவ்வொருத்தரா விடச் சொல்லுவேன். யார் விடும்போது சத்தம் வருதோ, அங்கதான் கோளாறு."

இப்படி ஆளுக்கொரு உறுப்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் குடும்பம் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர்த் திருவிழாவுக்கே போயிருக்கிறது. காரில் போனோம் என்று சொல்ல முடியாது. காரைத் தாங்கிக்கொண்டு போனோம்.

சத்தம் பிடிபட்டால் அவருக்குப் பரபரப்பு தாங்காது, வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். "ஆகு! ஆகு!" என்று கூவுவார். நிறுத்து என்று பொருள். நிறுத்தியதும் இறங்கி, சத்தம் வந்த இடத்தில் பேண்டேஜ் துணியைச் சுற்றி, இறுக்கி, முடிச்சுப் போடுவார். எண்ணெய், கிரீஸ் இவற்றில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அடிபட்ட எடத்துல கட்டுத்தான் போடணும். எண்ணெயைத் தேச்சுவிட்டா ஆறுமா?"

ஒருமுறை ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு டாக்டரின் காருக்குப் பம்பர், பானெட், கைப்பிடி எல்லாவற்றிலும் கட்டுப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் டாக்டருக்குப் பெரிய விபத்து என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. ஆரஞ்சுப் பழத்தோடு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதற்குப் பதிலாக நோயாளிகள் டாக்டரைப் பார்த்த ஒரே நாள் அதுதான்.

ஒரே ஒரு தடவை அவர் கொள்கையை விட்டுக்கொடுத்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலின் கார்க் கதவு அழுதது. கையிலிருந்த சுருள் தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் சுடச்சுடப் பால்கோவா வாங்கி, அதில் கசிந்த நெய்யை விரலால் தொட்டுக் கீலுக்குப் போட்டார். அழுகை நின்றது. மறுநாள் காலையில் ஊரிலுள்ள எறும்புகள் அந்தக் காரை வலம் வந்துகொண்டிருந்தன. வக்கீல் ஒரு வாரம் கோர்ட்டில் நின்ற இடத்தில் நிற்காமல் நெளிந்து நெளிந்து வாதாடினார். எதிர்த்தரப்பு சமாதானத்துக்கு வந்துவிட்டதாகக் கேள்வி.

இவ்வளவு கீர்த்தியோடு இருந்தவரை மண்ணைக் கவ்வ வைத்தது எங்கள் வீட்டுக் கார்.

எண்பதுகளின் கடைசி. அந்நாளில் எங்கள் பக்கம் இரண்டே வகைக் கார்கள்தான். ஒன்று உருண்டை, இன்னொன்று சதுரம். எங்களுடையது உருண்டை. அப்பாவுக்கு மிளகாய் வற்றல் மண்டி. வற்றல் மூட்டைக்கும் மனிதர்களுக்கும் ஒரே கார் என்பதால் அதில் ஏறுகிற யாரும் தும்மாமல் இறங்கியதில்லை. நான் இலக்கியத்தில் எம்.ஏ. படித்திருந்தேன். ஆகவே அந்தக் காருக்கு டிரைவராக இருந்தேன்.

காருக்குள் எங்கிருந்தோ ஒரு மெல்லிய சத்தம் வரும். ச்சிக், ச்சிக், ச்சிக். மூன்று முறை. பிறகு ஒன்றும் இருக்காது. அப்பா வழக்கமாகப் பின் சீட்டின் இடது மூலையில் சாய்ந்து உட்காருவார். அவருக்குத்தான் அது அதிகம் கேட்கும். அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். கண்ணாடியை ஏற்றினோம். ஆளுக்கொன்றைப் பிடித்தோம். அப்பா கதவை இரண்டு கையாலும் பிடித்தபடி சிலைபோல் இருந்தார். கிருஷ்ணன்கோவில் வரை போய்த் திரும்பினோம். ஒரு சத்தம் இல்லை. அண்ணாச்சி இறங்கிக்கொண்டார். அப்பா அப்பாடா என்று சாய்ந்தார். ச்சிக், ச்சிக், ச்சிக்.

மாதக்கணக்கில் இது நடந்தது. அண்ணாச்சி சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் கட்டுப் போட்டார். எங்கள் கார் அடிபட்ட யானை மாதிரி ஊருக்குள் வலம் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. "என்ன அண்ணாச்சி, சத்தம் உங்களுக்கே சத்தம் காட்டாம இருக்காமே?" என்று டீக்கடையில் பத்துப் பேர் கேட்கும்படி விசாரிப்பார். அண்ணாச்சி டீயை ஊதி ஊதிக் குடித்தபடி, "பிடிச்சிருவோம்வே. எங்க போயிரும்?" என்பார்.

இந்த நிலையில்தான் என் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தார்கள்.

அதற்கு முன்னும் சிலர் வந்து போயிருந்தார்கள். உயரம் என்றார்கள், நட்சத்திரம் என்றார்கள். வசந்தா நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஒவ்வொரு முறையும் காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவாள். இந்த முறை அப்படி ஆகவில்லை. மாப்பிள்ளை எங்கள் காரில் வந்தவர். வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருந்தார். காபியைக் கையில் வாங்கியதும் ஒரு தும்மல். பாதிக் காபி சட்டையில். "உங்க வீட்டுக் காரு என்னை மிளகாப் பொடி ஆக்கிருச்சுங்க" என்றார். பெண் பார்க்கும் இடத்தில் பெண் சிரிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். வசந்தா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவரும் தும்மிக்கொண்டே சிரித்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். இது வேறு மாதிரி என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

திரும்ப அவர்களைக் கொண்டுபோய் விடுவது என் வேலை. மாப்பிள்ளை முன் சீட்டில். பின்னால் வலது பக்கம் அவருடைய அப்பா, இடது மூலையில் அம்மா. ஊர் தாண்டியதும் அந்த அம்மாள் கணவர் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கா. ஆனா நாலு பேரு முன்னால இப்பிடியா சிரிக்கது? நம்ம வீட்டுக்குச் சரிப்பட்டு வராதோன்னுதான்…"

ச்சிக், ச்சிக், ச்சிக்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் பேசி வாய் மூடும்போது பல்லி சத்தம் கொடுத்தால் பேசியது பலித்துவிடும் என்பார்கள். அந்த அம்மாள் வழக்கப்படி விரலால் கார்க் கதவைத் தட்டினார்.

"கேட்டியளா? பல்லி சொல்லிருச்சு."

"கார்ல ஏதுட்டி பல்லி?" என்றார் கணவர்.

"ஏன், கார்ல இருந்தா அது என்ன டிக்கெட்டா எடுக்கணும்? சரிப்படாதுன்னா சரிப்படாதுதான்" என்று அந்த அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ச்சிக், ச்சிக், ச்சிக்.

"அம்மா, அது வந்து…" என்று மாப்பிள்ளை திரும்பினார். சொல்ல வந்ததைத் தும்மல் கொண்டு போய்விட்டது. சகுனப் பட்டியலில் அதுவும் சேர்ந்துகொண்டது.

யோசித்துச் சொல்கிறோம் என்று தரகர் மூலம் தகவல் வந்தது. அது கார்ச் சத்தம், பல்லி இல்லை என்று அப்பா சொல்லி அனுப்பினார். கார்ச் சத்தம் என்றால் எங்கேயிருந்து வருகிறது, காட்டச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. காட்ட எங்களால் முடியவில்லை.

வசந்தா அழவில்லை. ஒரு மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். காரின் பின் சீட்டில், கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாக வந்த வெயிலில் வற்றல் தூசி சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பண்ணுத?"

"சத்தம் வருதான்னு பாத்தேன்" என்றாள். "வரலை."

நல்ல வேளையாக அந்தப் பக்கம் மாப்பிள்ளை பிடிவாதமாக இருந்திருக்கிறார். பிள்ளைக்கும் பல்லிக்கும் நடுவில் அகப்பட்ட அந்த அம்மாள் கடைசியில் ஒரு தீர்ப்புச் சொன்னார்: அதே கார், அதே ரோடு, அதே பல்லி. வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம். மறுபடியும் ஆகாது என்றால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

அப்பா அண்ணாச்சிக்கு ஆளனுப்பினார். விஷயத்தைக் கேட்ட அண்ணாச்சி அப்படியே திகைத்து நின்றுவிட்டார்.

"என்னால வந்ததா இது? நான் பிடிச்சிருந்தா பல்லி எங்கிருந்து வந்திருக்கும்?"

வசந்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அன்றைக்கு அந்தப் பக்கமாகப் போன அண்ணாச்சிதான் சுருளைப் பிரித்துக் கட்டுப் போட்டார். எனக்குத் தெரிந்து அவர் மனிதருக்குப் போட்ட கட்டு அது ஒன்றுதான். முட்டிக்குப் போட வேண்டியது இடுப்பு வரை வந்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் எங்கள் காரை விட்டு இறங்கவில்லை. முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டார். கழிவுப் பஞ்சை மூட்டையாகக் கொண்டுவந்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார். உள்ளே உட்கார்ந்தால் மேகத்துக்குள் போவதுபோல் இருந்தது. சத்தம் வரவில்லை, வராதது எங்களுக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை, "நோயாளிகூட டாக்டர் போவாம இருந்தா எப்பிடி?" என்று தானே ஏறிக்கொண்டார். எங்களுக்குச் சித்தப்பா முறை என்று சொல்லிக்கொள்ள ஏற்பாடு.

முன் சீட்டில் என் அம்மா, பூவும் பழமும் வைத்த தட்டோடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த அம்மாள் பின் கதவைத் திறந்தவுடன், "போன தடவ அந்த மூலையில உக்காந்தேன், வாய்க்கலை" என்று வலது பக்கம் போய்விட்டார். நடுவில் அவர் கணவர். மிச்சம் இருந்த இடது மூலையில், எப்போதும் முன் சீட்டிலேயே உட்காரும் அண்ணாச்சி முதல்முறையாகப் பின்னால் உட்கார்ந்தார். கல்லில் அடித்து வைத்ததுபோல் உட்கார்ந்தார்.

சாயங்கால வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கக் கண்ணாடியில் கோயில் கோபுரம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, விரலளவுக்கு வந்து, மரங்களுக்குள் போய்விட்டது. கண்மாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதில் கவிழ்ந்து கிடந்த மலைமேல் நாரைகள் நடந்தன. வயல்காட்டில் யாரோ மாட்டைக் கூப்பிடுவது எங்கோ கனவில் கூப்பிடுவதுபோல் கேட்டது. அத்தனை பஞ்சுக்கு நடுவில் எங்கள் கார் ஓடுகிறதா, ரோடு எங்களைத் தாண்டி ஓடுகிறதா என்று தெரியவில்லை. அப்படி ஓர் அமைதி.

"அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வருவாளா?" என்றார் அந்த அம்மாள், காரின் கூரையைப் பார்த்து.

அமைதி.

"வந்தா நல்லா இருப்பாளா?"

அமைதி.

"பல்லி வாயத் தொறக்கலையே. சம்மதம் இல்லைன்னுதான அர்த்தம்?"

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஒரு வாரமாகப் பல்லியின் வாயை அடைக்கத்தான் பாடுபட்டோம். அது பேச வேண்டியிருக்கும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. எம்.ஏ. படித்தவனுக்கும்தான். அம்மா தட்டோடு பின்பக்கம் திரும்பியதில் எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு என் காலடியில் விழுந்தது.

"செத்த நேரம் பொறுங்க தாயி" என்றார் அண்ணாச்சி. தவித்துப்போய் அந்தப் பெரிய உடம்பை அவர் லேசாக நகர்த்தினார்.

ச்சிக், ச்சிக், ச்சிக்.

நான் கண்ணாடியில் பார்த்தேன். அண்ணாச்சியின் கண்கள் விரிந்தன. மெதுவாக, யாருக்கும் தெரியாமல், மறுபடி ஒருமுறை உடம்பை அசைத்துப் பார்த்தார். ச்சிக், ச்சிக், ச்சிக். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங். ஆட்களையெல்லாம் அசையாதே அசையாதே என்று அதட்டி, அவரே இத்தனை மாதமாக ஊமையாக்கி வைத்திருந்த ஸ்பிரிங். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை.

வாயைத் திறந்தார். "ஆ…" என்றார்.

ஆகு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நான் காரை நிறுத்தியிருப்பேன். சீட்டைத் தூக்கிக் காட்டியிருப்பார். பட்டறைக்காரர் வாயடைத்துப் போயிருப்பார். பல்லி பொய் என்றும் ஆகியிருக்கும். ஆனால் அந்த அம்மாள் கைகளைக் கூப்பிக் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் அவர்.

"…ண்டாளே, தாயேன்னு கும்பிட்டேன்" என்றார் அண்ணாச்சி. கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க கேளுங்க. இப்ப வாயத் தொறந்துருக்கு. கேக்கதைத் தெளிவாக் கேளுங்க."

"அந்தப் பொண்ணுதான் எங்க வீட்டுக்கு மருமகளா?"

ச்சிக், ச்சிக், ச்சிக்.

"நெசமாவா?"

ச்சிக், ச்சிக், ச்சிக்.

"சிரிச்சுக்கிட்டே இருப்பாளே?"

ச்சிக், ச்சிக், ச்சிக். இந்த முறை சற்று அழுத்தமாகவே வந்தது.

அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் தட்டினார். கணவரும் தட்டினார். என் அம்மா முன்னாலிருந்து தட்டினாள். கூட்டத்தோடு நானும் ஸ்டியரிங்கைத் தட்டி, தவறுதலாக ஹாரன் அடித்து, எதிரே வந்த மாட்டு வண்டியை மிரட்டினேன்.

"எம் மகன் மதுரைக்கு மாத்தலாகிப் போவானா?" என்று அந்த அம்மாள் வந்த வேகத்தில் கேட்டார்.

அண்ணாச்சி அசையவில்லை. தெரியாத விஷயத்தில் பல்லி வாயைக் கொடுக்காது.

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாலி கட்டும்போது தும்மினார், வசந்தா சிரித்தாள், மாமியார் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் பட்டறைக்காரர், "அண்ணாச்சி, அந்தச் சத்தம் என்னாச்சு?" என்று சாம்பார் வாளி வரும் நேரமாகப் பார்த்துக் கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பிடிபடலை" என்றார் அண்ணாச்சி.

"உங்களுக்கேவா?"

"எனக்கேதான். அம்புட்டுக் காரைப் பாத்தாச்சு, அது மட்டும் பிடிபடலை." இலையைப் பார்த்துக் குனிந்து, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அதன் பிறகு அவருடைய மவுசு குறைந்தது. கார்க்காரர்கள் அவர் கை காட்டினாலும் நிறுத்தாமல் போக ஆரம்பித்தார்கள். எங்கள் காரில் மட்டும் வருவார். சம்பந்தியம்மாள் ராஜபாளையத்துக்கு வரும்போதெல்லாம் எங்கள் கார்தான் வேண்டும் என்பார். அண்ணாச்சியும் எங்கிருந்தோ வந்து இடது மூலையில் ஏறிக்கொள்வார். பிறக்கப் போவது ஆணா பெண்ணா என்று கேட்டபோது பல்லி வாயே திறக்கவில்லை. நல்லபடியாகப் பிறக்குமா என்று கேட்டபோது கார் குலுங்கும்படி சொன்னது.

ஒருமுறை அப்பா பின் சீட்டுக்குப் புது மெத்தை போடக் காரைத் தையல் கடையில் விட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, வேகாத வெயிலில் ஓடினார். "துணியை மாத்து. பஞ்சை மாத்து. அந்த இடது மூலை ஸ்பிரிங்கைத் தொட்டே, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று வேலை முடியும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்கும் புரியவில்லை.

நான் மட்டும் ஒரு தடவை கேட்டேன். அவரும் நானும் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். "அண்ணாச்சி, அன்னைக்குக் கண்ணாடியில பாத்தேன்."

"எந்தக் கண்ணாடி?"

"அந்த ஸ்பிரிங்கு…"

அவர் வெளியே மலையைப் பார்த்தார். "எனக்கு இப்பல்லாம் காது கொஞ்சம் மந்தம் தம்பி. ரோட்டைப் பாத்து ஓட்டு."

தொண்ணூறுகளின் பாதியில் அண்ணாச்சி போனார். ஊர்வலத்தில் இரண்டு மூன்று கார்கள் வந்தன. எல்லாமே அநியாயத்துக்குச் சத்தம் போட்டன. அடுத்த வருஷம் உருண்டைக் காரும் போனது. வசந்தாவுக்கு இப்போது பேரப்பிள்ளை பார்க்கும் வயது. இன்னமும் சிரிக்கிறாள். மாப்பிள்ளை இன்னமும் தும்முகிறார்.

என்னிடம் இப்போது இருப்பது சத்தமே இல்லாத கார். மெத்தையில் ஸ்பிரிங்கே கிடையாது என்றார் விற்றவர், பெருமையாக. சாயங்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் தனியாக வரும்போது, கண்மாய் தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறேன். "அண்ணாச்சி எங்க இருந்தாலும் நல்லா இருப்பாரு" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். பிறகு மூக்கு வழியாக மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு, பின் சீட்டின் இடது மூலைக்குச் செத்த நேரம் காது கொடுக்கிறேன்.